சாக்லேட்டும் ஒயினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் நாலைந்து நண்பர்களைக் கூட்டி வைத்து, சாக்லேட்டையும் ஒயினையும் சேர்த்து ருசி பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான் வருகின்றன. ஆளுக்கு ஒரு தடவை சொல்வதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

டார்க் சாக்லேட்டுக்கு ரெட் ஒயின்தான் ஜோடி என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறதே, அது சரியா?

பெரும்பாலும் சரியில்லை. நானும் அதை நம்பித்தான் ஆரம்பித்தேன். நல்ல கபர்னே சோவினியோன் ரெட் ஒயின் ஒரு பாட்டில், கோக்கோ 70 சதவீதம் உள்ள டார்க் சாக்லேட் ஒரு கட்டி. தனித்தனியாக இரண்டுமே அருமை. சாக்லேட் வாயில் இருக்கும்போதே ஒரு மடக்கு ஒயின் குடித்தேன். ஒயினின் பழச் சுவை மொத்தமும் காணாமல் போய், புளிப்பும் கசப்பும் மட்டும் மிஞ்சின. ஈறு வரை வறண்டுவிட்டது. பாட்டில்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று முதலில் நினைத்தேன்.

என்ன நடக்கிறது என்பதற்கு நம் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. அல்வா தின்ற கையோடு காபி குடித்துப் பாருங்கள். சர்க்கரை போட்ட காபிதான், ஆனால் போடாதது போலவே இருக்கும். நாக்கு ஒரு இனிப்புக்குப் பழகிவிட்டால் அதைவிடக் குறைந்த இனிப்பு அதற்கு உறைக்காது. 70 சதவீத சாக்லேட்டில்கூட 100 கிராமுக்கு ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கும். சாப்பாட்டோடு குடிக்கும் சாதாரண ரெட் ஒயினில் ஒரு லிட்டருக்கே சில கிராம்தான். சாக்லேட்டின் இனிப்புக்கு முன்னால் ஒயினின் பழச் சுவை மங்கிவிடுகிறது, புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது.

இன்னொரு காரணம் துவர்ப்பு. டானின் என்று ஒயின்காரர்கள் சொல்வது அதைத்தான். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வருவது. பாக்கை மென்றால், பிஞ்சு வாழைக்காயைக் கடித்தால் வாய் இழுத்துப் பிடிக்குமே, அதே சங்கதி. உமிழ்நீரில் இருக்கும் புரதத்தோடு டானின் ஒட்டிக்கொள்வதால் வாயின் வழவழப்பு போய்விடுகிறது. கோக்கோவிலும் துவர்க்கும் பொருள்கள் நிறைய உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அடக்குவதில்லை, ஏற்றிவிடுகின்றன.

அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

ஒயின் சாக்லேட்டைவிட இனிப்பாக இருக்க வேண்டும், குறைந்தது சமமாகவாவது இருக்க வேண்டும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசித் தவறு நடக்காது.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஒயினின் கனம். கோக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும், நம் வாயின் சூடு அதைவிடச் சற்று அதிகம். அதனால்தான் சாக்லேட் நாக்கில் கரைந்து ஒரு படலமாகப் பரவுகிறது. மெல்லிய ஒயின் அந்தப் படலத்தின் மேல் தண்ணீர் மாதிரி ஓடிவிடும். கொஞ்சம் அழுத்தமான ஆல்கஹாலோ நல்ல புளிப்போ இருந்தால்தான் படலத்தைக் கரைத்து உள்ளே போகும். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால், திராட்சைச் சாராயம் சேர்த்துச் செய்யும் இனிப்பு ஒயின்கள் முன்னால் வந்து நிற்பது ஏன் என்று புரியும். போர்ட், பன்யுல்ஸ், மோரி, மடீரா, இனிப்பு ஷெர்ரி எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

70 சதவீத டார்க் சாக்லேட்டுக்கு நீங்கள் எதைத் திறப்பீர்கள்?

பன்யுல்ஸ். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பிரான்சின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லையை ஒட்டி, பிரனே மலை மத்தியதரைக் கடலில் இறங்கும் இடத்தில் இருக்கிறது பன்யுல்ஸ் ஊர். கொலியூர், போர்வான்ட்ர், செர்பேர் ஆகிய பக்கத்து ஊர்களும் சேர்ந்துதான் அந்த ஒயினின் எல்லை. மலைச்சரிவு முழுக்கத் தகடு தகடாக உதிரும் பாறை. அந்தப் பாறைத் துண்டுகளையே அடுக்கிச் சுவர் கட்டி, படிப்படியாக நிலத்தை வெட்டி, கிரனாஷ் திராட்சை வளர்க்கிறார்கள். மழைத்தண்ணீர் மண்ணை அரித்துப் போகாமல் இருக்கக் கல்லிலேயே வாய்க்கால் கட்டியிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் அது கிளை பிரிந்து சேவலின் கால் போலத் தெரியும். உள்ளூர்க் கட்டலான் மொழியில் அதற்குப் பெயரே சேவல் கால்தான்.

திராட்சைச் சாறு பாதி நொதித்துக்கொண்டிருக்கும்போதே அதில் திராட்சையில் வடித்த சாராயத்தை ஊற்றுவார்கள். ஈஸ்ட் செத்துவிடும், நொதிப்பு அங்கேயே நின்றுவிடும். இன்னும் நொதிக்காத சர்க்கரை அப்படியே ஒயினில் தங்கிவிடும். வெளியிலிருந்து சர்க்கரை போடுவதில்லை. அந்த இனிப்பு முழுக்கப் பழத்தினுடையது. 13ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மோன்பெலியேவில் இருந்த அர்னாவ் தெ விலனோவா என்ற மருத்துவரின் பெயரோடு இந்த முறையைச் சேர்த்துச் சொல்வார்கள்.

பன்யுல்ஸில் இரண்டு போக்கு உண்டு. லேபிளில் 'ரிமாஜ்' என்று இருந்தால் சீக்கிரமே பாட்டிலில் அடைத்தது. கருஞ்சிவப்பாக, செர்ரிப் பழம், நாவல்பழம் நினைவுக்கு வரும்படி இருக்கும். 'டிரடிஸியோனல்' என்று இருந்தால் பீப்பாயில் காற்றுப் படும்படி பல வருடம் வைத்தது. நிறம் செங்கல் பழுப்பாக மாறியிருக்கும். வாசனையில் உலர்ந்த அத்தி, காபி, வறுத்த வாதுமை, ஏன், கோக்கோவே இருக்கும். 70 சதவீதத்துக்கு நான் எடுப்பது இரண்டாவதைத்தான். சாக்லேட் கரைந்து போன பிறகும் அது இன்னும் வாயில் இருப்பது போலவே தோன்றும். எது ஒயின், எது சாக்லேட் என்று பிரித்துச் சொல்ல முடியாத சில வினாடிகள் உண்டு. அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

பன்யுல்ஸ் கிடைக்காவிட்டால் அங்கிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி மோரி என்ற ஊர் இருக்கிறது. அதே கிரனாஷ், அதே முறை. அங்கே ஒயினைப் பெரிய உருண்டைக் கண்ணாடிக் குடங்களில் ஊற்றி வெட்டவெளியில் வெயிலில் வைப்பதைப் பார்த்தேன். நம் ஊரில் மொட்டை மாடியில் ஊறுகாய் ஜாடி வைப்பது போலத்தான், ஆனால் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில். பகல் சூடு, இரவுக் குளிர், மழை, பனி எல்லாம் பட்டு ஒரு வருடம் அப்படியே கிடக்கும். பக்கத்தில் குனிந்து பார்த்தால் ஒவ்வொரு குடத்திலும் நிறம் கொஞ்சம் கொஞ்சம் வேறு. ஒன்று மாதுளை, ஒன்று டீ டிகாஷன், ஒன்று பழைய செம்பு.

போர்ட் ஒயினில் பல பெயர்கள் இருக்கின்றன. எது எந்தச் சாக்லேட்டுக்கு?

போர்ட் வருவது போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கிலிருந்து. எந்த நிலத்தில் விளைந்தால் போர்ட் என்று 1756இலேயே எல்லை போட்டுவிட்டார்கள். இதிலும் பாதி நொதிப்பில் 77 சதவீத திராட்சைச் சாராயம் ஊற்றுகிறார்கள். கடைசியில் ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டி நிற்கும், சர்க்கரை லிட்டருக்கு 100 கிராமை ஒட்டி.

பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மரப் பீப்பாயில் எவ்வளவு நாள் இருந்தது என்பதுதான் கேள்வி. ரூபி போர்ட் பெரிய தொட்டியில் கொஞ்ச காலம் இருந்து சிவப்பும் பழச் சுவையும் மாறாமல் வெளியே வருவது. எல்.பி.வி. (லேட் பாட்டில்ட் விண்டேஜ்) என்று போட்டிருந்தால் ஒரே வருடத்து அறுவடை, 4 முதல் 6 வருடம் மரத்தில் இருந்தது. இவை இரண்டும் 60 முதல் 70 சதவீத டார்க் சாக்லேட்டுக்கு நன்றாகப் பொருந்தும். அதிலும் சாக்லேட்டில் ராஸ்பெரி, செர்ரி ஏதாவது சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது.

டானி போர்ட் வேறு ஜாதி. சின்னப் பீப்பாயில் 10, 20, 30, 40 வருடம் என்று சராசரி வயது போட்டு விற்பார்கள். சிவப்பு வெளுத்துப் பொன்பழுப்பாகிவிடும். அக்ரூட், கேரமல், உலர் திராட்சை வாசனை வரும். இதை டார்க் சாக்லேட்டோடு வைப்பதைவிட மில்க் சாக்லேட்டோடு, வாதுமை போட்டதோடு, கேரமல் நிரப்பியதோடு வையுங்கள். 10 வருட டானியே போதும். 20 வருடம் நேர்த்தியானதுதான், ஆனால் அதைச் சாக்லேட்டோடு குடிப்பதைவிடத் தனியாகக் குடிப்பது அந்த ஒயினுக்குச் செய்யும் மரியாதை என்பது என் எண்ணம். ஒரே வருடத்து அறுவடையில் செய்து பாட்டிலிலேயே வயதாகும் விண்டேஜ் போர்ட்டுக்கும் அதுவே.

ஒரு எச்சரிக்கை. கோவா கடைகளில் 'போர்ட் ஒயின்' என்று மலிவாக ஒரு இனிப்பு ஒயின் கிடைக்கிறது. அது டூரோவில் விளைந்தது அல்ல, வேறு பொருள். அதைக் குடித்துவிட்டுப் போர்ட் எனக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டாதீர்கள்.

மில்க் சாக்லேட் சுலபம்தானே?

ஆமாம், ஒயின் விஷயத்தில் இதுதான் சாதுவானது. 1875இல் சுவிட்சர்லாந்தின் வெவே ஊரில் தானியேல் பீட்டர் முதலில் செய்தது. பால் சேர்ந்ததால் கோக்கோவின் துவர்ப்பு அடங்கிவிட்டது. ஆனால் சர்க்கரை டார்க் சாக்லேட்டைவிட நிறைய. ஆகவே இனிப்பு விதியை இங்கே இன்னும் கறாராகப் பிடிக்க வேண்டும். டானி போர்ட், இனிப்பு மடீராவில் புவால் அல்லது மாம்சி, ஆஸ்திரேலியாவின் ரதர்க்ளென் மஸ்கட் மூன்றும் நன்றாக இருக்கும். லேசாக வேண்டுமென்றால் பிராக்கெட்டோ. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

வெள்ளைச் சாக்லேட் சாக்லேட்டே இல்லை என்கிறார்களே?

கோக்கோத் தூள் இல்லை, ஆனால் கோக்கோ வெண்ணெய் இருக்கிறதே. பால், சர்க்கரை, கோக்கோ வெண்ணெய், அவ்வளவுதான். நல்லதாக வாங்கினால் பால்கோவா மாதிரி வாசனை வரும். துவர்ப்பே இல்லாததால் வெள்ளை ஒயினுக்கு இங்கே இடம் கிடைக்கிறது. இத்தாலியின் மொஸ்காட்டோ தாஸ்தி நன்றாகச் சில்லென்று, 6 அல்லது 8 டிகிரியில். ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டித்தான். ஆரஞ்சுப்பூ, பீச் பழ வாசனையும் மெல்லிய நுரையும் வெள்ளைச் சாக்லேட்டின் திகட்டலை வெட்டிவிடும். ஹங்கேரியின் டோக்காய் அசு, பிரான்சின் சோத்தேர்ன் என்ற இனிப்பு ஒயின்கள் இரண்டும் பொருந்தும், விலைதான் கையைக் கடிக்கும்.

இளஞ்சிவப்பு ரூபி சாக்லேட் 2017இல் அறிமுகமானது. லேசான பெரிப் புளிப்பு இருக்கும். அதற்கும் மொஸ்காட்டோவோ பிராக்கெட்டோவோ போதும்.

ஹேசல்நட் சாக்லேட்டுக்குத் தனியாக ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் ஒரே மண்ணில் விளைந்த ஜோடி. இத்தாலியின் வடமேற்கில் பியமோன்த் பகுதி. அதன் தலைநகர் டூரின் சாக்லேட்டுக்குப் பேர் போனது. கோக்கோ விலை உயர்ந்த பண்டம், லாங்கே மலைகளிலோ ஹேசல்நட் ஏராளம். கொட்டையை வறுத்து அரைத்துக் கோக்கோவோடு கலந்தார்கள். அதுதான் ஜியாந்துயா. கவிழ்த்த படகு மாதிரி சின்னதாக, பளபளக்கும் தாளில் சுற்றிய ஜியாந்துயோத்தோவை 1865இல் காஃபரெல் நிறுவனம் கொண்டுவந்தது.

அதே லாங்கே மலைகளில்தான் பரோலோ ஒயினும் விளைகிறது. பரோலோவைத் தனியாகச் சாக்லேட்டோடு வைத்தால் துவர்ப்பு வாயை மூடிவிடும். ஆனால் அதில் சிங்கோனாப் பட்டை, மூலிகை வேர்கள், ஏலக்காய், பட்டை எல்லாம் ஊறவைத்து, சாராயமும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் பரோலோ கினாட்டோ என்று ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் மருந்துக் கடைகளில் பிறந்தது. ஜீரணத்துக்கு என்று கொடுத்தார்கள். கினாட்டோ என்ற பெயரே சிங்கோனாவிலிருந்து வந்ததுதான். நீலகிரியில் நடுவட்டம் பக்கம் வெள்ளைக்காரர் காலத்தில் கொய்னா மருந்துக்காகத் தோட்டம் போட்டு வளர்த்தார்களே, அதே மரம்.

முதல் மடக்கில் கஷாயம் மாதிரிதான் இருக்கும். முகம் சுளிக்க வேண்டாம். ஒரு துண்டு ஜியாந்துயாவோ 75 சதவீத டார்க் சாக்லேட்டோ வாயில் போட்டு, பாதி கரைந்ததும் இன்னொரு மடக்கு குடியுங்கள். கசப்பு பின்னால் போய், ஏலக்காயும் ஆரஞ்சுத் தோலும் முன்னால் வரும். என் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பெயரைக் குறித்துக்கொண்டு போனது இந்த ஒயினைத்தான்.

85, 90 சதவீதச் சாக்லேட்?

இங்கே கணக்கு கொஞ்சம் மாறுகிறது. 85 சதவீதத்தில் சர்க்கரை 100 கிராமுக்கு 15 கிராம்தான். ஆகவே முழு இனிப்பு ஒயின் தேவையில்லை. நன்றாகப் பழுத்து, டானின் மெத்தென்று இருக்கும் ரெட் ஒயினுக்கு வாய்ப்பு இருக்கும் ஒரே இடம் இதுதான். கலிபோர்னியாவின் சின்ஃபண்டெல், தென் இத்தாலியின் பிரிமிட்டிவோ, உலர்த்திய திராட்சையில் செய்யும் அமரோனே ஆகியவற்றைச் சொல்லலாம். பொறுத்துப் போகும் என்று சொல்வேன், பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். பரோலோ கினாட்டோ இங்கேயும் கை கொடுக்கும். மனதில் பட்டதைச் சொல்வதென்றால், 90 சதவீதத்துக்கு ஒயினைவிட நல்ல பழைய ரம் பொருத்தம்.

பாகு மாதிரி கறுப்பாக ஒரு ஷெர்ரி இருக்கிறதாமே?

பெட்ரோ ஹிமெனெஸ். திராட்சையின் பெயரும் அதுதான், ஒயினின் பெயரும் அதுதான். ஸ்பெயினின் தெற்கே அந்தலூசியாவில், பறித்த குலைகளைப் பாய் விரித்து வெயிலில் காயவைத்து, கிஸ்மிஸ் பழமாக சுருங்கிய பிறகு பிழிகிறார்கள். சர்க்கரை லிட்டருக்கு 400 கிராமுக்குப் பக்கத்தில்கூடப் போகும். கிண்ணத்தைச் சாய்த்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கும். கருப்பட்டிப் பாகு, பேரீச்சை, காபி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த வாசனை.

எந்த இனிப்புக்கு எதிரேயும் இது நிற்கும் என்பதால் பிரவுனி, சாக்லேட் சாஸ் ஊற்றிய ஐஸ்கிரீம், காபி சாக்லேட் ஆகியவற்றுக்கு எடுங்கள். 30 மில்லிக்கு மேல் வேண்டாம், திகட்டிவிடும்.

கேக், மூஸ், டிரஃபிள் எல்லாம் சாக்லேட் கட்டி மாதிரிதானே?

இல்லை. கேக்கில் மாவும் முட்டையும் சேர்ந்து கோக்கோ தணிந்திருக்கும், சர்க்கரை ஏறியிருக்கும். ஆகவே டார்க் சாக்லேட் கேக் என்றாலும் மில்க் சாக்லேட் அளவு இனிப்பு என்று வைத்துக்கொண்டு ஒயினைத் தேர்ந்தெடுங்கள். டிரஃபிளில் கிரீம் இருப்பதால் டானி அல்லது மடீரா. உள்ளே உருகி வழியும் சூடான கேக்குக்கு மோரியை மிஞ்சியது இல்லை.

ஷாம்பெயினும் சாக்லேட்டும்? காதலர் தினத்துக்கு எல்லோரும் அதைத்தானே வாங்குகிறார்கள்?

பரிசுப் பெட்டியில் அழகாக இருக்கும், வாயில் இருக்காது. சாதாரணமாகக் கிடைக்கும் புரூட் வகையில் சர்க்கரை லிட்டருக்கு 12 கிராமுக்குள்தான், புளிப்போ தூக்கல். சாக்லேட் தின்ற வாயில் எலுமிச்சைச் சாறு மாதிரி இறங்கும். கொஞ்சம் இனிப்பான டெமி செக் வகை வாங்கினால்கூட வெள்ளைச் சாக்லேட் வரைக்கும்தான் தாங்கும்.

நுரை வேண்டும் என்றால் பிராக்கெட்டோ தாக்வி என்ற ஒயினை வாங்குங்கள். இதுவும் பியமோன்த் பகுதியுடையது. சிவப்பு, இனிப்பு, நுரை, குறைந்த ஆல்கஹால். ரோஜாவும் ஸ்டிராபெரியும் கலந்த வாசனை. மில்க் சாக்லேட்டில் முக்கிய ஸ்டிராபெரியோடு குடித்தால் வேறு எதுவும் கேட்கத் தோன்றாது.

உப்பு, மிளகாய், ஆரஞ்சு சேர்த்த சாக்லேட்டுகளுக்கு?

உப்பு நல்ல நண்பன். கசப்பைக் குறைத்துக் காட்டும். கடல் உப்பு தூவிய டார்க் சாக்லேட்டோடு டானி போர்ட்டோ புவால் மடீராவோ வைத்துப் பாருங்கள். மிளகாய்ச் சாக்லேட்டுக்கு ஆல்கஹால் அதிகமுள்ள ஒயின் வேண்டாம், எரிச்சல் ஏறும், பிராக்கெட்டோ போதும். ஆரஞ்சுத் தோல் சாக்லேட்டுக்கு லிஸ்பனுக்குத் தெற்கே செய்யும் மொஸ்காட்டெல் தெ செத்தூபல். புதினாச் சாக்லேட்டுக்கு எதுவும் வேண்டாம், அது எல்லா ஒயினையும் பல்பொடி ஆக்கிவிடும்.

ஒரே 70 சதவீதம்தான், ஒரு கம்பெனி சாக்லேட் பொருந்துகிறது, இன்னொன்று பொருந்தவில்லை. ஏன்?

சதவீதம் என்பது அளவு மட்டும்தான், ருசி அல்ல. மடகாஸ்கர் கோக்கோவில் செய்தது செம்பழப் புளிப்போடு இருக்கும், அதற்கு ரூபி போர்ட், ரிமாஜ் பன்யுல்ஸ். ஈக்குவடார் கோக்கோவில் பூவும் கொட்டையும் தெரியும், டானி. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு நடுவே ஊடுபயிராகக் கோக்கோ போடுகிறார்கள். அங்கத்திய கொட்டையிலிருந்தே சாக்லேட் செய்பவர்களும் இப்போது உண்டு. நான் ருசித்தவரை அதில் ஒரு பளிச்சென்ற பழப் புளிப்பு இருக்கிறது. ரூபி போர்ட் பக்கம் போங்கள்.

அப்புறம், வாங்குமுன் உறையைத் திருப்பிப் படியுங்கள். 'காம்பவுண்ட்' என்றோ தாவரக் கொழுப்பு என்றோ போட்டிருந்தால் கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு. அது நாக்கில் சரியாக உருகாமல் மெழுகு மாதிரி நிற்கும். எவ்வளவு நல்ல ஒயின் வாங்கினாலும் வீண்தான்.

எப்படி, எந்த வரிசையில் ருசிப்பது?

வெள்ளை, மில்க், டார்க் என்று லேசானதிலிருந்து கனமானதுக்குப் போங்கள். திரும்பி வராதீர்கள். முதலில் ஒயினை மட்டும் ஒரு சின்ன மடக்கு. பிறகு நகத்தளவு சாக்லேட்டை நாக்கில் வைத்து, இரண்டு கடி கடித்துவிட்டுச் சும்மா விடுங்கள். பாதி உருகியதும் ஒயினை ஊற்றி வாய் முழுக்கச் சுழற்றுங்கள். மென்று விழுங்கிவிட்டுக் குடித்தால் ஒன்றும் தெரியாது. இடையிடையே வெதுவெதுப்பான தண்ணீர். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கோக்கோ வெண்ணெய் நாக்கிலேயே உறைந்துவிடும். வாயைச் சுத்தம் பண்ண உப்பில்லாத வெறும் பொரி அருமையாக வேலை செய்கிறது.

ஒரு ஒயினுக்குத் தலைக்கு 30 மில்லி போதும். இவற்றில் பல 16 முதல் 20 சதவீத ஆல்கஹால், நாலு வகை ருசித்தாலே கணிசம். வண்டி ஓட்டி வந்தவர்களுக்கு நான் ஊற்றுவதில்லை.

நம் வெயிலில் சாக்லேட் நிற்குமா?

18 முதல் 20 டிகிரி அறையில்தான் அது தன் குணத்தைக் காட்டும். வேறு வழியில்லாமல் ஃபிரிட்ஜில் வைத்தால், காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, எடுத்த பிறகு அரை மணி நேரம் மூடியபடியே வெளியில் விட்டுத் திறங்கள். சில்லென்ற சாக்லேட்டை உடனே பிரித்தால் மேலே ஈரம் படிந்து, சர்க்கரை கரைந்து, பிறகு வெள்ளை பூத்துவிடும். ஒயினையும் அறைச் சூட்டில் கொடுக்காதீர்கள். நம் அறைச் சூட்டில் 20 சதவீத ஆல்கஹால் மூக்கைக் குத்தும். டானியும் ஷெர்ரியும் 12 முதல் 14 டிகிரி, ரூபியும் பன்யுல்ஸும் 16 வரை.

திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

காற்றில் வளர்ந்த ஒயின் காற்றுக்கு அஞ்சாது. டானி, பெட்ரோ ஹிமெனெஸ் இரண்டும் ஃபிரிட்ஜில் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும், மடீரா பல மாதம். ரூபி ஒன்றிரண்டு வாரம். விண்டேஜ் போர்ட் இரண்டு மூன்று நாள். மொஸ்காட்டோவும் பிராக்கெட்டோவும் அன்றைக்கே.

இந்தியாவில் இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

வரி ஏறி, விலை பல மடங்காகித்தான் கிடைக்கும். வெளிநாடு போய் வருபவர்களிடம் 10 வருட டானி ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள். விமான நிலையக் கடைகளில் அடிக்கடி பார்க்கலாம், ஆளுக்கு 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். உள்ளூரில் என்றால் நாசிக்கில் சூலா செய்யும் லேட் ஹார்வெஸ்ட் செனின் பிளாங்க் என்ற இனிப்பு ஒயின் இருக்கிறது. தேனும் அன்னாசியும் கலந்த மாதிரி இருக்கும். வெள்ளைச் சாக்லேட்டோடு நன்றாகப் போகும், டார்க் சாக்லேட்டுக்குத் தாங்காது.

மது குடிக்காதவர்கள் என்ன செய்வது?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது என் அம்மா. பதில் கம்பம் பள்ளத்தாக்கில் கிடைத்தது.

கலிபோர்னியாவில் குவாடி என்ற ஒயினகம் எலிசியம் என்று ஒரு இனிப்பு ஒயின் செய்கிறது. சாக்லேட்டுக்கு ஏற்றது என்று பெயர் வாங்கிய ஒயின். அது பிளாக் மஸ்கட் என்ற திராட்சையில் செய்வது. அந்தத் திராட்சையின் இன்னொரு பெயர் மஸ்கட் ஹாம்பர்க். கம்பம், சுருளிப்பட்டிப் பக்கம் பந்தல் போட்டு வளர்க்கிறோமே, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை, அது இந்த ரகம்தான். ரோஜா வாசனை அந்த ரகத்தின் சொந்தச் சொத்து, அதனால்தான் நாம் பன்னீர் என்று பெயர் வைத்தோம்.

அரைக் கிலோ பன்னீர் திராட்சையைத் தோலோடு, தண்ணீர் விடாமல், அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் வையுங்கள். பழம் வெடித்துச் சாறு விட்டதும் இறக்கி, கரண்டியால் மசித்து, விதை உடையாமல் வடிகட்டுங்கள். விதை உடைந்தால் துவர்ப்பு வந்துவிடும். வடிகட்டிய சாற்றை மூன்றில் ஒரு பங்கு வற்றும் வரை சுண்ட விடுங்கள். சர்க்கரை வேண்டாம். ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்து, சின்ன டம்ளரில் ஊற்றி 60 அல்லது 65 சதவீத டார்க் சாக்லேட்டோடு கொடுங்கள்.

அம்மா டார்க் சாக்லேட்டை மருந்து என்றுதான் சொல்லுவார். அன்றைக்கு ஒரு துண்டை வாயில் போட்டு, சாற்றை ஒரு வாய் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் டம்ளரை என் பக்கம் நீட்டி, "இன்னும் இருக்காப்பா?" என்றார்.